வகுப்பில் முதலிடம், மாதிரித் தேர்வில் 58: என்.எம்.எம்.எஸ். எழுதும் மகனுக்கு வீட்டில் எப்படி உதவுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் முதல் மாணவன். பள்ளியில் வைத்த என்.எம்.எம்.எஸ். (எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு) மாதிரித் தேர்வில் மேட் என்ற மனத்திறன் தாளில் 21, சாட் என்ற பாட அறிவுத் தாளில் 37, மொத்தம் 180க்கு 58 வாங்கியிருக்கிறான். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் 4,000 ரூபாய்க்குப் பயிற்சி தருகிறார்கள், சேர்க்கலாமா, நாங்கள் இருவரும் பத்தாவது தாண்டாதவர்கள், வீட்டில் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இது டியூஷன் பற்றிய கேள்விதான். ஆனால் "வகுப்பில் முதலில் வருபவன் இதில் ஏன் இப்படி, ஒருவேளை அவனுக்கு அவ்வளவுதான் வருமா" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தத் தேர்வு வந்த காலத்திலிருந்து பிள்ளைகளை இதற்குத் தயார் செய்திருக்கிறேன்.

அந்த 21ஐப் பற்றி முதலில். மேட் தாளில் 90 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கேள்வியையே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டாலும் நாலில் ஒன்று சரியாக விழும், அதாவது சராசரியாக 22 அல்லது 23 மதிப்பெண் வரும். உங்கள் மகன் வாங்கியது அதை ஒட்டித்தான் இருக்கிறது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த மதிப்பெண் அவனுடைய திறமையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இதன் பொருள். அந்த வகைக் கேள்விகளை அவன் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டான். இல்லாவிட்டால் பாதித் தாளை வெறுமனே விட்டிருப்பான். எது நடந்தது என்று அவனிடம் கேளுங்கள்: "எத்தனை கேள்வியை விட்டுவிட்டாய்?" 90ஐயும் எழுதி 21 என்றால் ஒரு கதை. 45 மட்டும் எழுதி அதில் 21 சரி என்றால் முற்றிலும் வேறு கதை, அவன் ஏற்கெனவே பாதிக்குப் பாதி சரியாகச் செய்கிறான், வேகம்தான் போதவில்லை. மாதிரித் தேர்வு முடிந்ததும் எல்லா வீட்டிலும் "எத்தனை மார்க்?" என்றுதான் கேட்கிறோம். கேட்க வேண்டியது "எத்தனை எழுதினாய், அதில் எத்தனை சரி?" என்ற இரண்டு எண்களை.

வகுப்பில் முதலிடம் வருவதற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பதற்கும் காரணம் இருக்கிறது. பள்ளித் தேர்வுகளில் பெரும்பாலும் பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள்தான் வரும். ஆசிரியர்கள் 'புக் பேக்' என்று சொல்வது அதைத்தான். அதை நன்றாக மனப்பாடம் செய்யும் பிள்ளை முதலில் வந்துவிடும். என்.எம்.எம்.எஸ்.ஸில் மேட் தாளுக்குப் புத்தகமே கிடையாது. சாட் தாளுக்குப் புத்தகம் உண்டு, ஆனால் கேள்விகள் பாடத்தின் உள்ளேயிருந்து வருகின்றன: பத்தியின் நடுவில் இருக்கும் ஒரு வரி, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, 'உங்களுக்குத் தெரியுமா' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும் செய்தி. உங்கள் மகன் படித்த விதம் பள்ளித் தேர்வுக்குப் பொருந்தியது, இதற்குப் பொருந்தவில்லை. அவ்வளவே.

இப்போது தேர்வைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை. மத்திய அரசு 2008இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இது. எட்டாவதோடு பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. 2017க்கு முன்பு ஆண்டுக்கு 6,000தான் இருந்தது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குக் கொடுக்கிறார்கள், அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. அரசு, உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா பிள்ளைகள் எழுத முடியாது. தகுதி மதிப்பெண் 40 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 32. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பிறகு மறுபடி எடுக்கிறேன், ஏனென்றால் பாதிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்தும் கையில் வருவதில்லை.

தகுதி மதிப்பெண் எடுத்தாலே உதவித்தொகை கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். லட்சத்துக்கும் மேலான பிள்ளைகள் எழுதுகிறார்கள், இருப்பது 6,695 இடம். மாநில இட ஒதுக்கீட்டு முறைப்படி வரிசைப்படுத்தித்தான் எடுப்பார்கள். ஆகவே கட் ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு, பிரிவுக்குப் பிரிவு மாறும். "இத்தனை எடுத்தால் நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அவர் போன ஆண்டு தன் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் மகன் எவ்வளவு உயர்வான் என்று நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மேட் தாளில் 20ஐ ஒட்டித் தொடங்கிய பிள்ளைகள் ஒழுங்காகப் பழகி இரண்டு மடங்குக்கு மேல் போவது என் வகுப்பில் சாதாரணமாக நடந்தது. முதல் மாதத்தில்தான் பெரிய ஏற்றம் இருக்கும், அப்புறம் மெதுவாகிவிடும். அந்த முதல் ஏற்றம் புத்தி வளர்ந்ததால் வருவதில்லை, கேள்வியின் முகம் பழகியதால் வருவது.

மேட் என்பது மனத்திறன் தேர்வு. பெயர்தான் பயமுறுத்துகிறது. வருவது ஒரு பதினைந்து இருபது வகைக் கேள்விகள்தான், திரும்பத் திரும்ப அதே வகைகள். எண் தொடர், எழுத்துத் தொடர், பொருந்தாததைக் கண்டுபிடிப்பது, குறியீடு, கண்ணாடிப் பிம்பம், திசை, உறவுமுறை, நாட்காட்டி, கடிகாரம், பகடை, கனசதுரம், வென்படம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் கையாளும் ஒரு வழி இருக்கிறது, அதை ஒரு நாளில் காட்டிவிடலாம். 2, 6, 12, 20, 30 என்று கொடுத்து அடுத்தது என்ன என்றால், புதிதாகப் பார்க்கும் பிள்ளை எண்களையே முறைத்துக்கொண்டிருக்கும். பழகிய பிள்ளை உடனே கீழே வித்தியாசத்தை எழுதும்: 4, 6, 8, 10. அடுத்த வித்தியாசம் 12, விடை 42. வித்தியாசம் இப்படிச் சீராகக் கூடவில்லை என்றால் பெருக்கலைப் பார்க்க வேண்டும்: 3, 7, 15, 31 என்பதில் ஒவ்வொன்றும் முந்தையதன் இரண்டு மடங்கோடு ஒன்று, ஆக அடுத்தது 63. அதுவும் இல்லையென்றால் ஒன்று விட்டு ஒன்று இரண்டு தொடர்கள் பின்னிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம், பெருக்கல், பின்னல் என்று இந்த வரிசையில் பார்க்கப் பழகினால் எண் தொடரில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

எழுத்துக் கேள்விகளில் நம் பிள்ளைகள் தடுமாறுவது ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் நினைவில் இல்லாததால்தான். 'ஓ' எத்தனையாவது எழுத்து என்று கேட்டால் முதலிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறார்கள், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. இ (E), ஜே (J), ஓ (O), டி (T), ஒய் (Y) என்ற ஐந்தும் முறையே 5, 10, 15, 20, 25வது எழுத்துகள். 'இஜோட்டி' என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டால் எந்த எழுத்தையும் இரண்டு எட்டில் பிடித்துவிடலாம். எதிர் எழுத்து (A-க்கு Z, B-க்கு Y என்பது போல) கேட்டால், இரண்டின் வரிசை எண்ணையும் கூட்டினால் 27 வரும். இதை நீங்களே வீட்டில் கேட்கலாம். சமைத்துக்கொண்டே "டி எத்தனையாவது?" என்றால் அவன் "இருபது" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் பத்தாவதுகூடப் படித்திருக்கத் தேவையில்லை.

சில கேள்விகளில் பொறி இருக்கும், அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாட்காட்டியில் சாதாரண ஆண்டென்றால் கிழமை ஒன்று தள்ளும், லீப் ஆண்டென்றால் இரண்டு தள்ளும் என்று எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். 2024 ஆகஸ்ட் 15 வியாழன், 2025 ஆகஸ்ட் 15 என்ன கிழமை என்று கேட்டால், 2024 லீப் ஆண்டு என்று பிள்ளை இரண்டைத் தள்ளி சனி என்று போட்டுவிடும். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே பிப்ரவரி 29 வரவே இல்லை, ஆகவே ஒன்றுதான் தள்ளும், வெள்ளி. 2023 ஆகஸ்ட் 15 செவ்வாய், அடுத்த ஆண்டு வியாழன், அங்கேதான் இரண்டு தள்ளியது. கடிகாரத்தின் கண்ணாடிப் பிம்பம் என்றால் கொடுத்த நேரத்தை 12 மணியிலிருந்து கழித்தால் போதும்: 3.20க்குப் பிம்பம் 8.40. எல்லாப் பக்கமும் வண்ணம் பூசிய கனசதுரத்தை மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் 27 துண்டு. அதில் மூன்று பக்கம் வண்ணம் உள்ளவை மூலைத் துண்டுகள் 8, இரண்டு பக்கம் உள்ளவை 12, ஒரு பக்கம் மட்டும் உள்ளவை 6, வண்ணமே படாதது நடுவில் ஒன்று. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஒரு உருளைக்கிழங்கைச் சதுரமாகச் சீவி, வெளியே மஞ்சள் தடவி, 27 துண்டாக வெட்டிக் கையில் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. அந்தத் துண்டுகள் அப்புறம் பொரியலுக்கும் ஆகும்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வகையைக் கற்றபின் பிள்ளையையே அந்த வகையில் ஐந்து கேள்விகள் தயாரிக்கச் சொல்லுங்கள், நான்கு விடைகளோடு. தப்பான மூன்று விடைகளை யோசிக்கும்போதுதான், கேள்வி எடுப்பவர் எப்படிப் பொறி வைக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். தம்பி தங்கை இருந்தால் அவர்களிடம் கேட்டு மடக்கட்டும். ஐம்பது கேள்விகளைக் கைடிலிருந்து போடுவதைவிட இந்த ஐந்து அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சாட் தாளுக்கு வருவோம். அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்கை ஒதுக்கி வைத்தாலும் 70 மதிப்பெண் ஏழாவது, எட்டாவது புத்தகங்களிலேயே இருக்கிறது. மூன்று மாதத்தில் நிச்சயமாக உயர்த்தக்கூடியது இந்தத் தாள்தான். பலர் மேட் கஷ்டம் என்று அதிலேயே மொத்த நேரத்தையும் போட்டுவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். கைடு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் புத்தகத்துக்குப் பதிலாகக் கைடு படித்தால் உட்பகுதிக் கேள்விகளில் மாட்டிக்கொள்வான். ஏழாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தால் கீழ் வகுப்புப் பிள்ளையிடம் இரவல் வாங்கலாம். அரசுப் பாடநூல்கள் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

படிக்கும் முறையில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஒரு பாடத்தை நான்கு முறை வாசிப்பதற்குப் பதில், ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதட்டும் அல்லது உங்களிடம் சொல்லட்டும். இது என் அனுபவம் மட்டும் இல்லை, நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடி நினைவுபடுத்திப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். பிறகு பள்ளி வகுப்பறைகளில் செய்த ஆய்வுகளிலும் அதே போக்குதான். இங்கேதான் உங்கள் வேலை வருகிறது. புத்தகத்தை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தைக் காட்டி "இதுக்குக் கீழே என்ன போட்டிருக்கு, பார்க்காமல் சொல்லு" என்று கேளுங்கள். விடை சரியா என்று அச்சிலேயே இருக்கிறது, நீங்கள் படித்துப் பார்த்தால் போதும். பாதியில் நிறுத்தினால் திட்டாமல் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் புள்ளி வைத்த இடங்களை மட்டும் மறுபடி கேளுங்கள்.

கூற்று, காரணம் என்று ஒரு வகை வரும், அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். "கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்" என்பது கூற்று. "நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்" என்பது காரணம். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. காரணத்தின் இடத்தில் "நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்" என்று போட்டால் அதுவும் சரியான செய்திதான், ஆனால் பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் இரண்டும் சரி என்று பார்த்ததுமே 'காரணம் கூற்றை விளக்குகிறது' என்ற விடையைப் போட்டுவிடுவார்கள். நடுவில் 'ஏனென்றால்' என்று சேர்த்து ஒரே வாக்கியமாக வாய்க்குள் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்கு ஒட்டவில்லை என்றால் அது விளக்கம் இல்லை.

அப்புறம் நேரம். ஒவ்வொரு தாளுக்கும் 90 கேள்வி, 90 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள். ஓ.எம்.ஆர். என்ற, வட்டம் நிரப்பும் விடைத்தாளில் ஒரு வட்டத்தை ஒழுங்காக நிரப்ப ஐந்து வினாடி என்று வைத்தாலே 90க்கு ஏழரை நிமிடம் போய்விடும். ஆகவே இரண்டு சுற்றாகச் செய்யப் பழக்குங்கள். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிகிற கேள்விகள் மட்டும். பகடை, உட்காரும் வரிசை, நீளமான உறவுமுறைக் கேள்விகளையெல்லாம் வினாத்தாளில் ஒரு குறி போட்டுவிட்டுத் தாண்டிப் போகட்டும். வகுப்பில் முதலில் வருகிற பிள்ளைக்கு இது மிகவும் கஷ்டம், விட்டுவிட்டுப் போவதை அவமானமாக நினைக்கும். ஒரே கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கு நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் பின்னால் நான்கு சுலபமான கேள்விகள் காத்துக்கிடந்தன என்று ஒரு முறை தாளைப் புரட்டிக் காட்டினால் புரிந்துகொள்ளும்.

கேள்விகளைத் தாண்டிப் போகும்போது ஒரு ஆபத்து இருக்கிறது: 23வது கேள்வியின் விடையை 22வது வரிசையில் நிரப்பிவிடுவது. அங்கிருந்து வரிசையாக எல்லாம் ஒன்று தள்ளிப் போகும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு நடக்கும் மிக மோசமான விபத்து இதுதான். விடையை முதலில் வினாத்தாளில் குறித்துக்கொண்டு, ஒரு பக்கம் முடிந்ததும் எண்ணைப் பார்த்துப் பார்த்து மொத்தமாக நிரப்புவது நல்ல பழக்கம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பேனாவால் நிரப்புவதால் திருத்த முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம். "முதலில் தோன்றிய விடைதான் சரி, மாற்றாதே" என்று சொல்வார்கள், ஆசிரியர்களே சொல்வார்கள். பல பத்தாண்டு ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன: யோசித்து மாற்றும் விடைகளில் தப்பு சரியாவதுதான் அதிகம். மாற்றட்டும், ஆனால் வட்டத்தை நிரப்பும் முன்பு, வினாத்தாளிலேயே மாற்றிக்கொள்ளட்டும்.

தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நடைமுறை அர்த்தம். இருபது கேள்விக்குச் சுத்தமாக விடை தெரியாமல் ஏதோ ஒன்றை நிரப்பினால் ஐந்து கிடைக்கலாம். அதே இருபதில் நிச்சயம் தப்பு என்று தெரியும் இரண்டு விடைகளை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் பத்து கிடைக்கலாம். கட் ஆஃப் அருகில் இந்த ஐந்து மதிப்பெண்ணுக்குள் எத்தனை பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள் தெரியுமா? சில பிள்ளைகள் தெரியாததை நிரப்புவது பொய் சொல்வது மாதிரி என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல குணம்தான், ஆனால் இந்தத் தேர்வின் விதி அதைக் கேட்கவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஒரு முழுத் தேர்வு நடத்துங்கள். பழைய வினாத்தாள்கள் ஆசிரியர்களிடம் இருக்கும், ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். காலையில் 90 நிமிடம் மேட், அரை மணி இடைவெளி, மறுபடி 90 நிமிடம் சாட். டிவி அணைந்திருக்க வேண்டும், உங்கள் போனும்தான். விடைக்குறிப்பை வைத்து நீங்களே திருத்துங்கள். தப்பானவற்றை அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: தெரியாமல் போனதா, தெரிந்தும் அவசரத்தில் போனதா, நேரம் இல்லாமல் போனதா? தெரியாததை மட்டும் ஒரு நோட்டில் எழுதி ஆசிரியரிடம் அனுப்புங்கள். அவசரத்தில் போனதுதான் அதிகம் என்றால் அவனுக்குத் தேவை புதிய பாடம் இல்லை, கேள்வியில் உள்ள 'தவறானது எது', 'பொருந்தாதது எது' என்ற சொற்களுக்கு அடியில் கோடு போடும் பழக்கம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் முழுத் தேர்வு வேண்டாம். தினம் ஒன்று வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றாவது வாரத்தில் பிள்ளை கேள்வியைப் படிப்பதையே நிறுத்திவிடும்.

4,000 ரூபாய் டியூஷனுக்கு வருகிறேன். மாதிரித் தேர்வு வைத்திருக்கிறார்கள் என்றால் உங்கள் பள்ளியில் யாரோ ஒரு ஆசிரியர் இதில் ஈடுபாட்டோடு இருக்கிறார். மாலையில் சிறப்பு வகுப்பு உண்டா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். உண்டென்றால் டியூஷன் வேண்டாம். இல்லையென்றால், பணம் கட்டும் முன் ஒரு நாள் மகனை அங்கே உட்கார வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்ட தப்பை எடுத்து ஏன் தப்பு என்று பேசுகிறார்களா, அல்லது பிரிண்ட் அவுட் கொடுத்து விடையை வாசித்துக்கொண்டே போகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகை என்றால் கையில் பணம் இருந்தால் சேர்க்கலாம். கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். டியூஷன் எவ்வளவு கூட்டித் தரும் என்று என்னால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே போகும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலும் கவனிக்கப்படும் பிள்ளைகள், எதனால் உயர்ந்தார்கள் என்று சொல்வது கடினம். ஞாபக சக்தி மாத்திரை, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் 'மிட் பிரெயின்' பயிற்சி என்று யாராவது வந்தால் மட்டும் தயங்காமல் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது.

இங்கிருந்து என்னால் பார்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அவன் கேள்வியை எவ்வளவு வேகமாக வாசிக்கிறான் என்று கவனியுங்கள். ஐந்து வரிக் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினால், வரி தாண்டிப் போனால், தாளைக் கண்ணருகே கொண்டுபோனால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண் சரியாக இருந்தும் தடுமாற்றம் இருந்தால், தலைமையாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பார்க்கலாம். வாய்ப்பாடமாகக் கேட்டே முதலிடம் வரும் பிள்ளைகள் உண்டு, அவர்களுடைய வாசிப்புச் சிரமம் இந்த மாதிரித் தேர்வில்தான் முதன்முதலாக வெளியே தெரியும்.

தேர்வு நாளுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. முந்தைய இரவு பாடம் வேண்டாம், தூக்கம் வேண்டும். காலையில் பழகிய சாப்பாடு, இட்லியோ பழையதோ, புதிதாக எதுவும் வேண்டாம். இடைவேளையில் மேட் தாளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்புங்கள். வெளியே நண்பர்கள் "அதுக்கு சி தானே விடை" என்று ஆரம்பித்தால், அதிலேயே மனம் உடைந்து சாட் தாளைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். கிடைக்காமல் போனாலும் கதவு மூடிவிடாது. பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வருகிறது, அதில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் இரண்டு ஆண்டுக்கு. ஊர்ப்புறப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு.

கடைசியாக, தேர்வானபின் பணத்தைக் கோட்டை விடும் குடும்பங்களைப் பற்றி. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே எடுத்து வையுங்கள். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததோடு வேலை முடியவில்லை, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாணவர் பெயரில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பள்ளியும் மாவட்ட அலுவலரும் அதைச் சரிபார்த்தால்தான் பணம் வரும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொடரும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும், பத்தாவது முடிந்ததும் அவசரப்பட்டு மாற்றுபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பணம் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் அவன் பெயரில், ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால், முதலெழுத்து முன்னும் பின்னும் மாறியிருந்தால்கூட விண்ணப்பம் திரும்பிவிடும். ஆதார், பாஸ்புக், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே தலைமையாசிரியரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள், திருத்தம் செய்ய மூன்று மாதம் தாராளமாகப் போதும்.